கழுத்தெலும்பின் குறையும் வினைக்கொள்கையும்

பிறவியிலேயே உடலில் அமைந்துவிட்ட குறையை அறுவையால் திருத்துவது வினைப்பயனில் குறுக்கிடுவதாகுமா என்ற கேள்வி, வினைக்கொள்கையை ஏற்ற எந்தச் சமூகத்திலும் எழக்கூடியதே. மதுரை–திருநெல்வேலி ரயில்பாதையிலிருந்து தூத்துக்குடிக் கிளை பிரியும் மணியாச்சியைச் சுற்றிய கரிசல் ஊர்களில், மானாவாரி விளைச்சலையும் இழப்பையும் விதியோடு சேர்த்தே எண்ணிப் பழகியவர்களிடையே, அது கூடுதல் கனத்தோடு எழுகிறது.

மண்டையோட்டின் அடியில் தண்டுவடம் வெளியேறும் பெருந்துளை வழியாகச் சிறுமூளையின் கீழ்நுனிகள் கழுத்துக்குள் இறங்கிவிடுவது கியாரி குறைபாடு எனப்படும். பிராக் நகரில் பணியாற்றிய ஆஸ்திரிய நோய்க்கூற்றியலாளர் ஹான்ஸ் கியாரி 1891இல் இதை விவரித்தார். இறங்கிய பகுதி மூளைத்தண்டுவடத் திரவத்தின் ஓட்டத்தைத் தடுப்பதால் பலருக்குத் தண்டுவடத்தின் நடுவே நீர்க்குழி உண்டாகி, வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் நரம்பிழைகள் கெடுகின்றன. அடுப்பிலிருந்து பானையை இறக்கும் கை சுட்டதை அறியாது, இருமினால் பிடரி வலிக்கும், பருத்தி எடுக்கும் விரல்கள் நாளடைவில் சூம்பும். சிலருக்கு இதனுடன் எலும்புக்குறையும் சேர்ந்து, முதல் கழுத்தெலும்பு மண்டையோட்டோடு ஒட்டியிருக்கும், அல்லது இரண்டாம் எலும்பின் பல் போன்ற முனை மேலேறி மூளைத்தண்டை அழுத்தும்.

இத்தகைய பிள்ளை பிறந்தால், கிரகண நேரத்தில் தாய் வெளியே வந்தாள் என்றோ முன்வினை என்றோ காரணம் சொல்லப்படுவதுண்டு. முதலாவது, அடிப்படை சிறிதும் இல்லாமல் பெற்றவள் மீது சுமத்தப்படும் அநியாயப் பழி. இரண்டாவதை அவ்வாறு தள்ளிவிட முடியாது. அது ஒரு பெரும் தத்துவத்தின் உறுப்பு. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களைச் சொல்லும் சைவ சித்தாந்தம், உயிரின் அறியாமையாகிய ஆணவம் தேய்வதற்காக இறைவன் மாயையிலிருந்து உடலைத் தந்தான் என்கிறது. உடல் தண்டனைக்கூடமன்று, கருவி என்பதே இதன் பொருள், கருவியைச் செப்பனிடுவது தந்தவனை மீறுவதாகாது.

இதற்குச் சைவ மரபிலேயே வலுவான சான்று உண்டு. கொங்கு நாட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, முன்செய்த வினைக்கு இது பயன் என்று சொல்லிச் சும்மா இருப்பதை ஏற்காத திருஞானசம்பந்தர், அந்நோய் நீங்கத் திருநீலகண்டப் பதிகம் பாடினார். மதுரையில் பாண்டியனின் வெப்புநோயை அவர் தீர்த்த வரலாற்றைச் சொல்லும் பெரியபுராணம், அவனுடைய கூன் நிமிர்ந்ததையும் சொல்கிறது. கூன் வினையால் வந்தது, அது அப்படியே இருக்கட்டும் என்று அங்கே எவரும் கருதவில்லை.

எது குறை என்று தீர்மானிப்பதே எளிதன்று என்பதை மருத்துவ உலகின் ஒரு விவாதம் காட்டுகிறது. அப்போது மும்பை கேஇஎம் மருத்துவமனையில் பணியாற்றிய அதுல் கோயல், 65 நோயாளிகளைப் பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில், இறங்கிய சிறுமூளை நோயின் மூலமன்று, முதலிரு கழுத்தெலும்புகளின் மூட்டு நிலைகுலைந்ததன் விளைவு என்று வாதிட்டு, அம்மூட்டைத் திருகாணிகளால் நிலைநிறுத்துவதையே சிகிச்சையாக முன்வைத்தார். அந்த இறக்கம் நரம்புகளைக் காக்க உடல் தானே செய்துகொண்ட ஏற்பாடு என்பது அவர் கருத்து. பல அறுவை மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. மூட்டு உறுதியாக உள்ளவர்களுக்குப் பெருந்துளையை அகலப்படுத்தி, மூளையுறையை ஒட்டுத்தையலால் விரிப்பதே இன்றும் பரவலான முறை. எம்ஆர்ஐ படத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கே எது காரணம், எது காப்பு என்பது முடிவாகாத நிலையில், சாய்ந்த கழுத்தைப் பார்த்து முற்பிறவியின் குற்றத்தைப் படித்துச் சொல்வது அறிவுக்கும் அருளுக்கும் ஒவ்வாத துணிச்சல்.

அறுவை ஆபத்தற்றது அன்று. மூளைத்தண்டுக்கு அருகே நடப்பது. பெரும்பாலும் அது நோய் மேலும் முற்றுவதைத் தடுக்கும், ஆனால் முன்னமே சூம்பிவிட்ட விரல்களை முழுமையாக மீட்பது அரிது. ஆகவே அம்மனுக்கு நேர்ந்தவர்கள் நேர்த்திக்கடனைச் செலுத்தட்டும். அதற்காகக் காத்திராமல், சூடு உணராத கையுள்ள பிள்ளையைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லட்டும்.