வீட்டுக்கு என்ன விலை கேட்பது?



விலை சொல்வதும் விலை கேட்பதும் நமக்குப் புதிதன்று. மூட்டை அரிசிக்கும் பெட்டி எண்ணெய்க்கும் நாள்தோறும் பேரம் பேசிப் பழகிய நாவு நம்முடையது. ஆயினும் முதன்முதலாக ஒரு வீட்டுக்கு விலை கேட்கப் போகும்போது அந்த நாவே தடுமாறக் காண்கிறோம்.

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் உறுப்பினர் ஒருவர் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். தகப்பனாருக்கு பெக்கான் நானாஸில் மளிகைக் கடை. மகனுக்கு ஜொகூர் பாருவில் உத்தியோகம். தினமும் போய்வரும் அலைச்சல் தாளாமல், ஸ்கூடாய்ப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார் மகன். சொல்லும் விலை 330,000 வெள்ளி. விற்பவர் கணவரை இழந்த ஓர் அம்மையார். பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குத் திரும்ப இருக்கிறார். வங்கித் தவணையும் இரண்டு மாதம் நின்றுபோயிற்றாம்.

"அந்தம்மாவுக்கு அவசரம். 240,000 கேட்டுவிட்டுச் சும்மா இரு. ஒரு மாதத்தில் அவர்களே கூப்பிடுவார்கள்" என்றார் தகப்பனார்.

"அத்தா சொல்வது வியாபாரம்தான். ஆனால் அது நியாயமா?" என்று மகன் நம்மைக் கேட்டார்.

தகப்பனாரைக் குறை சொல்ல நாம் துணியவில்லை. மலிவாக வாங்குவதே வியாபாரத்தின் முதல் பாடம் அன்றோ! பேரம் பேசுவது பாவமும் அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை விலைக்குக் கேட்டார்கள், அவர் முதலில் மறுத்தார், திரும்பவும் கேட்டார்கள். மதீனா சேர்ந்ததும் பேசிய பணத்தையும் கொடுத்து ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். ஆகவே குறைத்துக் கேட்பதில் பொய் இல்லை. "இந்த விலைக்கு வாங்கத் தயார்" என்பது உண்மையான சொல். கையில் பணம் இருக்க, "இதற்கு மேல் ஒரு காசும் என்னிடம் இல்லை" என்பது பொய். பார்க்காத வீட்டைப் பார்த்ததாகச் சொல்லி, "அங்கே இதைவிட மலிவு" என்பதும் பொய். இவ்விரண்டையும் நம் கடை வாசலில் தினமும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. சில வேளை நாமே சொல்லியும் இருக்கிறோம்.

நிற்க. 240,000 என்ற தொகை எங்கிருந்து வந்தது? வீட்டைப் பார்த்து வந்ததா, அம்மையாரின் கஷ்டத்தைப் பார்த்து வந்ததா? நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழுத்த அன்னாசி நாளை வரை காத்திராது. காலையில் லாரி நிறையப் பழத்தோடு வந்த சிறு தோட்டக்காரரிடம், வெயில் ஏறட்டும், பழம் இளகட்டும் என்று மாலை வரை பேசாதிருந்து பாதி விலைக்கு வாங்கினால், அன்று கிடைத்த லாபம் பழத்தின் லாபமா?

ஆகவே தம்பியிடம் நாம் சொன்னது இதுதான்: அம்மையாரின் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வீட்டை மட்டும் விலை போடுங்கள். அதே கட்டடத்தில், அதே அளவுள்ள வீடுகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின? சொன்ன விலை வேறு, பதிவான விலை வேறு. பதிவான விலைகளை அரசாங்கத்தின் மதிப்பீட்டுத் துறை வெளியிடுகிறது. தம்பி தேடிப் பார்த்ததில் 290,000 முதல் 305,000 வரை இருந்தன. குளியலறைக் கூரையில் நீர்க்கசிவு. பழுது பார்க்க 6,000 ஆகுமென்று ஆள் சொன்னார். பராமரிப்புக் கட்டணத்தில் பழைய பாக்கி இருக்கிறதா என்பதையும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்கச் சொன்னோம்.

கூடுதலாகக் கேட்டுவிடுவதிலும் ஆபத்துண்டு. முதல் வீட்டுக்கு வங்கிகள் பெரும்பாலும் நூற்றுக்குத் தொண்ணூறு வரை கடன் தருகின்றன. அந்தத் தொண்ணூறு, பேசிய விலை, மதிப்பீட்டாளர் போடும் விலை இவ்விரண்டில் எது குறைவோ அதற்குத்தான். 330,000க்குத் தலையாட்டிவிட்டு மதிப்பீடு 295,000 என்று வந்தால், கடன் 265,500. மீதி 64,500 வெள்ளியைக் கையிலிருந்து இறக்க வேண்டும். 33,000 போதுமென்று இருந்தவர் கடை முதலில் கைவைப்பார். இதற்குக் குறுக்கு வழியாக, ஒப்பந்தத்தில் ஒரு விலையும் உள்ளுக்குள் ஒரு விலையும் எழுதி வங்கியிடம் அதிகக் கடன் வாங்கித் தருவதாகச் சில தரகர்கள் சொல்வார்கள். அது ஏமாற்று, அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை. தரகர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்குக் கூலி கொடுப்பவர் பொதுவாக விற்பவரே என்பதை மறக்கலாகாது. "முந்நூறு வரை போகலாம்" என்று அவர் காதில் போட்டால் அது அன்றிரவே அங்கே போய்ச் சேரும்.

"எல்லாரிடமும் இப்படி விட்டுக்கொடுக்க வேண்டுமா?" என்று தகப்பனார் குறுக்கிட்டார். நல்ல கேள்வி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் இதைப் பிரித்தே பேசுகிறார்கள். எளியவரிடம் வாங்கும்போது சற்றுக் கூடக் கொடுத்தால் அது நற்பண்பு. லாபத்துக்கு மேல் லாபம் தேடும் செல்வந்தரிடம் கூடக் கொடுத்து ஏமாறினால் அதில் புகழ் இல்லை, பணந்தான் வீண். புதுக் கட்டடம் கட்டி விற்கும் பெரிய நிறுவனத்திடம் கழிவு கேட்க நாம் கூசத் தேவையில்லை. 2010களின் பிற்பகுதியில் ஜொகூரில் விலை போகாமல் தேங்கிய அடுக்குமாடி வீடுகள் கொஞ்சமா? அன்று கேட்டவர்களுக்குக் கழிவும் கிடைத்தது, மின்விசிறியும் கிடைத்தது.

நேர்மாறான நிலையும் உண்டு. முப்பதாண்டுக்கு முன் வாங்கிய முதியவர், இன்றைய நிலவரம் அறியாமல் பாதி விலை சொல்லலாம். சந்தைக்கு வருமுன்னே வழியில் போய்ச் சரக்கை மடக்கி வாங்குவதை நபிகளார் தடுத்தது, விற்பவர் சந்தை விலை அறியாமல் ஏமாறுவார் என்பதற்காகவே. ஜரீர் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹமுக்குப் பேசப்பட்டபோது, அது அதிகம் பெறும் என்று தாமே விலையை உயர்த்தி 800 கொடுத்ததாக வரலாறு. அவ்வளவு உயரம் நம்மால் ஏற முடியுமா என்பது நமக்கே ஐயந்தான். சந்தை விலை இன்னதென்று அந்த முதியவரிடம் வாய் திறந்து சொல்லவாவது முடியும்.

தம்பி 292,000 என்று எழுத்தில் கேட்டார். பக்கத்து வீடுகள் விற்ற விலையையும் நீர்க்கசிவையும் அக்கடிதத்திலேயே குறித்திருந்தார். உச்ச வரம்பு 300,000 என்று மனத்தில் முடிவு செய்து, அதை மனைவியிடம் மட்டும் சொல்லி வைத்தார். அம்மையார் நான்கு நாள் கழித்து 300,000 என்று பதில் அனுப்பினார். தம்பி ஒப்புக்கொண்டு முன்பணம் கட்டிவிட்டார்.

எட்டாயிரம் வெள்ளி அநியாயமாகப் போயிற்று என்று தகப்பனார் இன்றும் கடையில் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். குடிபோகும் நாளுக்கு ஆடு அறுக்கச் சொல்லியிருப்பவரும் அவரேதான்.