ஏறாத விமானமும் திரும்பாத பணமும்

விமானப் பிரயாணம் இன்று செல்வந்தர்களுக்கு மட்டும் உரியதன்று. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் சகோதரர்களும், உம்ராவுக்குப் புறப்படும் முதியவர்களும், வெளிநாட்டில் ஓதப் போகும் பிள்ளைகளும் டிக்கெட் வாங்குகிறார்கள். வாங்கும்போது கம்பெனி விதித்திருக்கும் நிபந்தனைகளை எவரும் படிப்பதில்லை. தடங்கல் ஒன்று நேர்ந்த பிறகே அவை தெரிய வருகின்றன. "ஹஜ்ரத்! பணம் கொடுத்தது நான். பிரயாணம் செய்யாமல் போனவனும் நான். மீதியை அவர்கள் வைத்துக் கொள்வது ஹலாலா?" என்று கேட்போர் உண்டு. "கடைசிப் பகுதியில் ஏறாமல் நடுவிலேயே இறங்கிக் கொண்டால் டிக்கெட் மலிவாக முடிகிறது, அது மோசடியாகுமா?" என்று கேட்போரும் உண்டு. இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றே: டிக்கெட் வாங்கியவர் எதை வாங்கினார்?

முதலில் விதியைப் புரிந்து கொள்வோம். ஒரு டிக்கெட்டில் பல பகுதிகள் இருந்தால் அவற்றை வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும் என்பது பெரும்பாலான கம்பெனிகளின் நிபந்தனை. ஒரு பகுதியில் வராமல் போனால் அடுத்த பகுதிகள் யாவும் ரத்தாகி விடும். துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் 20-ந் தேதி ஊர் வந்து அடுத்த மாதம் திரும்ப டிக்கெட் எடுத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். 12-ந் தேதி தாயார் மௌத்தான செய்தி வருகிறது. கையில் கிடைத்த வேறொரு டிக்கெட்டில் ஓடி வருகிறார். அடுத்த மாதம் திரும்பிச் செல்ல விமான நிலையம் போனால், "நீங்கள் வரும்போது ஏறவில்லை, ஆகவே போகும் இடமும் உங்களுக்கு இல்லை" என்கிறார்கள். அந்த இடத்துக்கான கிரயத்தை அவர் எப்போதோ கொடுத்து விட்டார்!

கம்பெனிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. பஸ்ஸில் போல் தூரத்தைக் கணக்கிட்டு விமானக் கட்டணம் வைப்பதில்லை. எந்த ஊரில் போட்டி அதிகமோ அங்கே விலை குறையும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நேராக அமெரிக்கா செல்பவர் வசதிக்காகக் கூடுதலாகக் கொடுப்பார். ஓஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் செல்பவருக்கோ மற்றக் கம்பெனிகளும் காத்திருக்கின்றன. ஆகவே அவருக்கு விலையைக் குறைத்தால்தான் வருவார். அதனால் நீண்ட பிரயாணம் குட்டைப் பிரயாணத்தை விட மலிவாகி விடுகிறது. நீண்டதை வாங்கிப் பாதியை விட்டு விடுவோர் பெருகினால் இந்த விலை அமைப்பே குலைந்து விடும் என்பது அவர்கள் வாதம்.

இனி நம் ஃபுகஹாக்களிடம் போவோம். விமானத்தை அவர்கள் காணவில்லை. ஆனால் மக்காவுக்கு ஒட்டகம் வாடகைக்கு எடுத்தவரையும், ஒட்டகக்காரரையும், அவர்களுக்குள் எழுந்த வழக்குகளையும் நன்றாகக் கண்டிருந்தார்கள். இது 'இஜாரா' எனும் வாடகை ஒப்பந்தம். ஹனஃபி மாணவர்கள் ஓதும் குதூரியில், மக்காவுக்கு ஒட்டகம் பேசியவரிடம் ஒட்டகக்காரர் ஒவ்வொரு மர்ஹலாவுக்கும், அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும், அதற்குரிய வாடகையைக் கேட்கலாம் என்று காண்கிறோம். முழுவதையும் முன்கூட்டியே தர வேண்டும் என்று நிபந்தனை பேசிக் கொண்டால் அதுவும் செல்லும். அதே நூலில் இன்னொரு சட்டம் உண்டு. வாகனம் பேசியவர் பிரயாணம் வேண்டாம் என்று மனம் மாறினால் அது 'உஸ்ர்', ஒப்பந்தத்தை முறிக்கத் தக்க காரணம். வாகனக்காரர் மனம் மாறினால் அது காரணமாகாது. ஏன் இந்தப் பாகுபாடு? பிரயாணியின் தேவையே இல்லாமல் போயிருக்கலாம். ஹஜ்ஜின் காலம் கடந்திருக்கலாம், தேடிப்போன கடன்காரர் ஊருக்கே வந்திருக்கலாம். வாகனக்காரரோ தாம் போக முடியாவிட்டால் தம் ஆளை அனுப்பி விடலாம்.

ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு வேறு. வாகனம் பேசியவர் நோயுற்றாலும் அவ்வொப்பந்தம் முறியாது என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் உள்ள சட்டம். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான். நம் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டு, "அப்படியானால் விமானக் கம்பெனி ஷாஃபிஈ போலும்!" என்று நகைக்கக் கூடும். அவசரப்பட வேண்டாம். அதே மின்ஹாஜில், வாகனம் பேசியவர் தமக்குப் பதிலாகத் தம்மைப் போன்ற ஒருவரை அதில் ஏற்றி அனுப்பலாம் என்ற அனுமதியும் இருக்கிறது. கதவை ஒரு பக்கம் பூட்டிய இமாம்கள் மறுபக்கம் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். கம்பெனிகளோ ஷாஃபிஈகளின் பூட்டை எடுத்துக் கொண்டார்கள், வாசலை எடுத்துக் கொள்ளவில்லை. முறிக்கவும் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது! பாதுகாப்புக்காகத்தான் பெயரை மாற்றுவதில்லை என்பார்கள். ஆனால் சில மலிவு விலைக் கம்பெனிகள் கட்டணம் பெற்றுக் கொண்டு பெயரை மாற்றித்தான் தருகின்றன. பணம் கொடுத்தால் நீங்குகிற தடை பாதுகாப்புக்கான தடையாக எப்படி இருக்க முடியும்?

ஆகவே டிக்கெட் வாங்கியவர் வாங்கியது ஓர் உரிமையை. வீட்டை வாடகைக்கு எடுத்துச் சாவியும் பெற்றவர் அதில் குடியிருக்காவிட்டாலும் வாடகை கடமையாகும் என்றுதான் சட்டம் சொல்கிறது. குடியிருந்தே ஆக வேண்டும் என்றோ, கூடத்தில் தூங்காதவருக்கு அடுப்படியும் இல்லை என்றோ சொல்லவில்லை.

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரலில் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது. ஒரு பகுதியில் வராதவரின் மீதிப் பகுதிகளை அடியோடு பறிக்கும் நிபந்தனை செல்லாது. கம்பெனி தன் விலை அமைப்பைக் காத்துக் கொள்ள விரும்பினால், அவர் உண்மையில் செய்யும் பிரயாணத்துக்கு வாங்கிய அன்று என்ன விலையோ அதன் வித்தியாசத்தைக் கேட்கலாம் என்று அது தீர்ப்பளித்தது. ஸ்பெயின் நாட்டு உச்ச நீதிமன்றமும் 2018-ல் இத்தகைய நிபந்தனை ஒன்றைச் செல்லாததாக்கியது.

அடுத்து, திட்டமிட்டே நடுவில் இறங்குபவரின் மஸ்அலா. 2016-ல் ஒரு பிரயாணி ஓஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போக வர லுஃப்தான்ஸாவில் டிக்கெட் எடுத்தார். திரும்பும்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, ஓஸ்லோ விமானத்தில் ஏறாமல் பெர்லினுக்குப் போய் விட்டார். கம்பெனி அவரிடம் 2,112 யூரோ கேட்டு வழக்குத் தொடர்ந்தது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

வழியில் மனம் மாறியவர், நோயுற்றவர், அவசரச் செய்தி கேட்டவர் ஆகியோர் மீது குற்றம் ஏதும் இல்லை. தொடக்கத்திலேயே ஓஸ்லோ போகும் எண்ணமில்லாமல் ஓஸ்லோவுக்கு டிக்கெட் வாங்கியவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் அமர்ந்த இடத்துக்கும், அமராத இடத்துக்கும் பணம் கொடுத்திருக்கிறார். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வரிசைப்படி பிரயாணம் செய்வதாக ஒப்புக் கொண்ட அதே நேரத்தில், செய்வதில்லை என்று உள்ளத்தில் முடிவு செய்திருந்தாரே, அதை நேர்மை என்று சொல்லவும் நாவு எழவில்லை. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நம் அடிப்படை. "கம்பெனி பெரியது, அதற்கு என்ன நஷ்டம்?" என்ற சமாதானம் எடுபடாது. கொடுத்த வாக்கின் பெறுமதி எதிராளியின் செல்வத்தைப் பொறுத்ததன்று. வித்தியாசத் தொகை இன்னதென்று விற்கும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தால் அதைக் கட்டுவதே முறை. சொல்லாமல் மறைத்துப் பிறகு கேட்டால், அறியாத விலைக்கு எவரும் கட்டுப்பட்டவரல்லர்.

பணம் திரும்பாத டிக்கெட் இதை விட எளிது. விலை குறைவு, பதிலுக்கு ரத்து செய்யும் உரிமை இல்லை என்று இரு தரப்பும் அறிந்து பேசிக் கொண்டால் அதை அநீதி என்று கூற இயலாது. ஜெர்மன் உச்ச நீதிமன்றமும் 2018 மார்ச்சில் இதை அனுமதித்தது. 'உர்பூன்' எனும் முன்பணத்தை வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவரே வைத்துக் கொள்ளலாமா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். மூன்று இமாம்கள் கூடாதென்றனர். இமாம் அஹ்மத் (ரஹ்) அனுமதித்தார்கள். மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வானுடைய வீட்டை உமர் (ரலி) அவர்களுக்காக நாலாயிரம் திர்ஹத்துக்குப் பேசியபோது, கலீஃபா சம்மதிக்காவிட்டால் நானூறு ஸஃப்வானுக்கு என்று பேசப்பட்ட செய்தி அவர்களுடைய ஆதாரம். 1993-ல் புரூணையில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் காலக்கெடு குறிக்கப்பட்ட உர்பூனை அனுமதித்தது. ஆனால் அது நாலாயிரத்தில் நானூறு. நாலாயிரத்தையும் வைத்துக் கொள்வதை உர்பூன் என்று அழைக்க முடியுமா என்பதை ஆலிம் பெருமக்கள் சிந்திக்க வேண்டும். சங்கடப்பட்டவர் கேட்டால் வியாபாரத்தை விட்டுக் கொடுப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன நன்மாராயமும் வியாபாரிகள் அறியாததன்று.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. வராதவரின் பணத்தை வைத்துக் கொண்டு அதே இடத்தை இன்னொருவருக்கும் விற்பது. சிலர் வரமாட்டார்கள் என்று கணக்கிட்டு, இருக்கும் இடங்களுக்கு மேல் டிக்கெட் விற்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. எல்லோரும் வந்து விட்டால் யாரோ ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அவருக்கு 250 முதல் 600 யூரோ வரை ஈடு தர வேண்டும் என்று 2004-ல் ஐரோப்பியச் சட்டம் வந்தது. ஆக, வராத பிரயாணியால் நஷ்டம் என்று பணத்தைப் பிடித்தவர், அவர் வரமாட்டார் என்று நம்பி முன்பே அந்த இடத்தை விற்று விட்டிருக்கலாம். நஷ்டம் எங்கே? ஒரே இடத்துக்கு இரண்டு கிரயம் அல்லவா கிடைத்திருக்கிறது!

வரிகளின் விஷயத்தில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. விமான நிலையக் கட்டணமும் அரசாங்க வரியும் கம்பெனியின் சொத்தல்ல. சேர்ப்பிக்க வேண்டியவரிடம் சேர்ப்பிப்பதற்காக அது வாங்கி வைத்த அமானத். பிரயாணம் நடக்காதபோது அது கொடுத்தவருக்கே உரியது. நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2016 ஆகஸ்டு முதல், பணம் திரும்பாத சலுகை டிக்கெட்டாயினும், பிரயாணி வராமலே போயிருந்தாலும், இவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் பிடிக்கக் கூடாதென்றும் சொன்னது. நம்மவர்களில் பலர் டிக்கெட் வீணாகி விட்டது என்று அதைத் தூக்கிப் போட்டு விட்டுப் பேசாமல் இருந்து விடுகிறார்கள். எழுதிக் கேட்க வேண்டும். ஏஜெண்டு மூலம் வாங்கியிருந்தால் அவரிடம் கேட்க வேண்டும். ஏஜெண்டு நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருந்து, கம்பெனி திருப்பிய வரியைத் தம்மிடமே நிறுத்திக் கொண்டிருந்தால், அவரிடம் இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும்.