வானத்தின் சாட்சி

பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது இயற்கைதானே என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களுக்கு வானமும் சாட்சிக்கு வந்துவிட்டது. 1994-ல் தனுசு ராசித் திசையில் வான சாஸ்திரிகள் ஒரு குள்ள நட்சத்திர மண்டலத்தைக் கண்டார்கள். நமது பால்வீதி அதைப் பிய்த்துப் பிய்த்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்னொன்றை விழுங்கியதை 2018-ல் ‘கையா’ விண்கலத்தின் கணக்குகள் காட்டிக்கொடுத்தன. விழுங்கப்பட்ட நட்சத்திரங்களில் பல இன்றும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன, அதுதான் துப்பு. பெரிய மண்டலங்கள் இப்படியும்தான் வளர்கின்றன.

ஆனாலும் இந்தச் சாட்சி செல்லாது என்பேன் நான். ஈர்ப்புச் சக்திக்குப் ‘போதும்’ என்று நிறுத்தத் தெரியாது. பக்கத்து வீட்டு வேலியைத் தள்ளிப் போடுகிறவனுக்குத் தெரியும். தெரிந்துதான் இருட்டில் தள்ளிப் போடுகிறான்.