யாருக்குப் புரிந்த நகைச்சுவை?

1932இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘வார் பேபீஸ்’ பத்து நிமிடம் ஓடும் நகைச்சுவைக் குறும்படம். நடித்தவர்கள் எல்லோரும் பள்ளிக்குப் போகும் வயதைக்கூட எட்டாத குழந்தைகள். இடுப்புக்கு மேலே பெரியவர்களின் உடை. கீழே கைக்குழந்தைக்குக் கட்டும் துணி, அதைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பெரிய ஊக்கு. பையன்கள் முதல் உலகப் போரின் சிப்பாய்கள். அவர்கள் வந்து உட்காருவது ஒரு மதுக்கடை. மதுவுக்குப் பதில் பால். அந்தக் கடையில் சிப்பாய்கள் முன்னால் ஆடுகிற பெண்ணுக்காக இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள். அவளுக்குக் கூலி குச்சிமிட்டாய். அந்தப் பெண்ணாக நடித்தது ஷெர்லி டெம்பிள். பிறந்தது 1928 ஏப்ரலில். வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

‘பேபி பர்லெஸ்க்ஸ்’ என்ற வரிசையில் இப்படி எட்டுப் படங்கள் வந்தன. தயாரித்தவர் ஜாக் ஹேஸ், இயக்கியவர் சார்லஸ் லமான்ட். வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் எஜுகேஷனல் பிக்சர்ஸ். பள்ளிக்கூடங்களுக்குப் படமெடுக்கத் தொடங்கி நகைச்சுவைக்கு மாறிய நிறுவனம் அது. பெயரை மட்டும் மாற்றவில்லை. பெரியவர்களின் புகழ்பெற்ற படங்களைக் குழந்தைகளை வைத்துக் கேலிசெய்வதுதான் இந்த வரிசையின் சூத்திரம். ‘கிட் இன் ஹாலிவுட்’டில் ஷெர்லி, மார்லீன் டீட்ரிஷின் நகல். ‘பாலி டிக்ஸ் இன் வாஷிங்டன்’னில், செனட்டர் ஒருவரை மயக்கி வழிக்குக் கொண்டுவர அரசியல் தரகர்கள் அனுப்பிவைக்கும் பெண்.

தோழிகள் ஏழெட்டுப் பேர் ஒரு மாலையில் இவற்றில் மூன்றைச் சேர்ந்து பார்த்தோம். பார்த்து முடித்ததும் எழுந்த பேச்சு மூன்று பக்கமாகப் பிரிந்தது. ‘அந்தக் காலத்தில் யாரும் தப்பாகப் பார்க்கவில்லை, அழுக்கு நம் கண்ணில்தான்’ என்றார் ஒருவர். ‘அந்தப் பெண் பிற்காலத்தில் நன்றாகத்தானே வாழ்ந்தார்’ என்றார் இன்னொருவர். ‘அருவருப்பாக இருக்கிறது, இதையெல்லாம் அழித்துவிட வேண்டும்’ என்றார் மூன்றாமவர். பழைய படங்களைப் பற்றி எங்கே பேசினாலும் இந்த மூன்றும் வந்துவிடும். மூன்றுமே எனக்குப் போதவில்லை.

முதல் கருத்தை எடுத்துக்கொள்வோம். 1930களின் பார்வையாளர்கள் கொழுகொழுவென்ற குழந்தையைத்தான் பார்த்திருப்பார்கள் என்பதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் நகைச்சுவை வேலைசெய்வது எப்படி? மதுக்கடையில் ஆடும் பெண் யார், எதற்காக ஆடுகிறாள், அவளுக்கு எதற்குக் காசு என்பதெல்லாம் பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் குச்சிமிட்டாய்க்குச் சிரிப்பு வரும். தெரியாதவருக்கு அது வெறும் மிட்டாய். ஆக, களங்கமில்லாமல் பார்த்தவருக்கு அதில் நகைச்சுவையே கிடையாது. சிரித்தவர் தெரிந்துதான் சிரித்தார். அரங்கில் இருந்த எல்லோருக்கும் புரிந்த அந்த விஷயம் ஒரே ஒருத்திக்கு மட்டும் புரியவில்லை, அவள்தான் அதை நடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியாமல் இருப்பதுதான் நகைச்சுவையின் மூலப்பொருள். அவளுக்கும் புரிந்திருந்தால் சிரிப்பு செத்திருக்கும்.

என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். குழந்தை தடுக்கி விழுந்தால் நாம் சிரிக்கிறோம். கொஞ்ச நேரத்தில் அதுவும் சிரிக்கிறது. சொல்லைத் தப்பாக உச்சரித்தால் சிரிக்கிறோம். அது இன்னொரு முறை சொல்லிக்காட்டி நம்மைச் சிரிக்கவைக்கிறது. அங்கே குழந்தையும் நம்மோடு இருக்கிறது. ‘வார் பேபீஸ்’ சிரிப்பில் அதற்கு இடமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் படங்களில் பையன்கள் எதையெல்லாம் நடிக்கிறார்கள்? சிப்பாய், பத்திரிகைக்காரர், குத்துச்சண்டை வீரர், செனட்டர். அந்த வேலைகளுக்கும் பால் குடிக்கும் வயதுக்கும் இருக்கிற தூரம்தான் அங்கே சிரிப்பு. பெண் குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கிடைப்பது ஒரே வேலை, ஆண்களுக்குப் பிடித்துப்போவது. அதற்கு வேண்டிய பார்வையையும் நடையையும் நான்கு வயதுக்குள் கற்றுக்கொடுத்துவிட முடிந்திருக்கிறது. பெண் என்றால் இவ்வளவுதான் என்று பெரியவர்களின் படங்கள் வரைந்து வைத்திருந்த சித்திரம் எத்தனை சிறியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கேலிசெய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். ஷெர்லி டெம்பிள் பிளாக் கானாவிலும் பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராக இருந்தார். 1972இல் தனக்கு வந்த மார்பகப் புற்றுநோயையும் நடந்த அறுவைச் சிகிச்சையையும் பொதுவில் பேசினார். அன்று பெண்கள் வெளியே சொல்லத் தயங்கிய நோய் அது. நிமிர்ந்து வாழ்ந்த பெண், சந்தேகமில்லை. அவரே 1988இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்தப் படப்பிடிப்புத் தளத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சொன்னபடி கேட்காத குழந்தையை ஒரு கறுப்புப் பெட்டி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே உட்கார இருப்பது ஒரு பெரிய ஐஸ் கட்டி. படப்பிடிப்பு நாளுக்குச் சம்பளம் 10 டாலர். ஒத்திகைக்கு எதுவும் கிடையாது. இந்தப் படங்கள் குழந்தைகளைச் சுரண்டின என்றே அவர் எழுதினார். கறுப்புப் பெட்டி தன் மனதுக்கு நிரந்தரமாக எந்தக் கேடும் செய்ததாகத் தெரியவில்லை என்றும் எழுதினார். அது கற்றுத்தந்த பாடத்தையும் சொன்னார்: நேரம் என்பது பணம், நேரத்தை வீணடித்தால் தண்டனை உண்டு.

கேடு இல்லை என்கிற பேச்சையும் இந்தப் பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது. போகட்டும், அவர் வாழ்க்கையை அவர் எப்படி வேண்டுமானாலும் நினைவுகூரலாம். திருத்த நான் யார்? என் மறுப்பு அவருடைய வாக்குமூலத்தை நாம் பயன்படுத்தும் விதத்தில். அடிபட்டுப் பிழைத்தவளைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி அடித்தவரை விடுவிக்கிறோம். அவள் பலம் அவளுடையது. அந்தக் கணக்கில் தயாரிப்பாளருக்கு ஒரு காசு வரவுவைக்க முடியாது. தவிர, அந்தத் தளத்தில் ஷெர்லி மட்டுமா இருந்தாள்? ‘கிட் இன் ஆப்பிரிக்கா’வில் கறுப்பினக் குழந்தைகளை நரமாமிசம் தின்பவர்களாக நடிக்கவைத்தார்கள். அவர்களில் யாரும் தூதராகவில்லை, யாரும் தன்வரலாறு கேட்டு வரவில்லை. ‘நன்றாகத்தானே வாழ்ந்தார்’ என்ற அளவுகோல் அவர்களை அளக்கவே அளக்காது.

அப்படியானால் அருவருப்படைந்த தோழி சொன்னதுதான் சரியா? அருவருப்பின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. அது எளிதில் இடம் மாறி அந்த உடலின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். 1937இல் கிரகாம் கிரீன் ஷெர்லி நடித்த ‘வீ வில்லி விங்கி’க்கு எழுதிய விமர்சனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நடுவயது ஆண்கள் இந்தக் குழந்தையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அச்சில் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. ஆனால் குழந்தை எல்லாம் தெரிந்தே செய்கிறாள் என்பதுபோல எழுதினார். படமெடுத்தவர்களின் திட்டத்தை ஒன்பது வயதுக்காரியின் தந்திரமாக மாற்றிவிட்டார். அவதூறு வழக்கு வந்தது. 1938இல் 3,500 பவுண்டு இழப்பீடு. 2,000 ஷெர்லிக்கு, மீதி 1,500 படநிறுவனங்களுக்கு. குழந்தையின் மானத்துக்கு நேர்ந்த சேதத்தில் நிறுவனங்களுக்கும் பங்கு! சரக்கு கெட்டுப்போனால் உடைமையாளருக்குத்தானே நஷ்டம்.

அதே 1938இல் அமெரிக்கா குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் திரைப்படத்திலும் நாடகத்திலும் நடிக்கும் குழந்தைகளுக்கு விலக்கு. நடிப்பு வேலையல்ல, விளையாட்டு என்ற எண்ணம் எவ்வளவு வசதியானது பாருங்கள். மறு ஆண்டு கலிபோர்னியாவில், ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தைப் பெற்றோர் தீர்த்துவிட்ட வழக்குக்குப் பிறகு, குழந்தை நடிகர்களின் பணத்தைக் காக்க ஒரு சட்டம் வந்தது. ஷெர்லி பெரியவளாகிக் கணக்குப் பார்த்தபோது, சம்பாதித்த 32 லட்சம் டாலரில் மிஞ்சியிருந்தது ஏறக்குறைய 44 ஆயிரம்.

எங்கள் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் எல்லோரிடமிருந்தும் வந்தது: ‘அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள்?’ கெர்ட்ரூட் டெம்பிள் மகளுக்கு முடி சுருட்டினார், வசனம் சொல்லிக்கொடுத்தார், ஒத்திகை பார்த்தார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பணக் கணக்கைக் கவனித்துக்கொண்ட அப்பாவைப் பற்றி நான் சொல்லும்வரை யாரும் கேட்கவில்லை. மதுக்கடைப் பெண்ணாக ஒரு குழந்தையை யோசித்த எழுத்தாளரையும், பெட்டிக்குள் ஐஸ் கட்டியை வாங்கிவைத்தவரையும் பற்றிக்கூட யாரும் கேட்கவில்லை. பெண்ணியம் பேசுகிற கூட்டத்திலும் குற்றவாளிக் கூண்டுக்கு முதலில் அழைக்கப்படுவது அம்மாதான்.

அப்போது குழந்தைகள் நடிக்கவே கூடாதா என்றார்கள். ஷெர்லியின் புகழ் உலகமெங்கும் பரவியிருந்த 1937இல், ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்று பெயரெடுத்த நம் பேபி சரோஜா கே. சுப்ரமணியத்தின் ‘பாலயோகினி’யில் நடித்தார். விதவைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் நடக்கும் கொடுமையைப் பேசிய படம். பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தளத்தில் என்ன நடந்ததென்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்கிறேன்: ஒருவருக்கு அநியாயம் நடக்கிறது என்பது குழந்தைக்குப் புரியக்கூடிய விஷயம். கேட்டால் விளக்கிச் சொல்லலாம். ‘வார் பேபீஸ்’ தளத்தில் அந்தக் குழந்தை ‘எதற்குச் சிரிக்கிறார்கள்?’ என்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

படங்களை அழிக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. அழித்தால் செய்தவர்களின் தடயமும் போய்விடும்.

ஷெர்லியின் தன்வரலாற்றில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. 12 வயதில் எம்ஜிஎம் நிறுவனத்துக்குப் போனபோது, தயாரிப்பாளர் ஒருவர் தன் அறையில் தனியாக இருந்த அவள்முன் ஆடையை விலக்கி நின்றார். என்ன நடக்கிறதென்று புரியாமல், பதற்றத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபத்தோடு அவளை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார்.