யார் கட்டிய கயிறு?

ஆழ்வார்திருநகரிப் படித்துறையில் பெண்கள் இறங்கிக் குளிக்கும் தாமிரபரணி, பொதிகையில் பிறக்கிறது. அங்குள்ள 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்தின் உச்சிக்குப் பெண்கள் நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்று 2018இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியை அடைந்தார்.

தடை விலகியதும் எழும் முதல் கேள்வி, எங்கே போகலாம் என்பது. பனிமலைக்கு முதன்முறை கிளம்பும் பெண்ணும் அதையே கேட்கிறாள்: எந்தச் சிகரம், எவ்வளவு உயரம்? எப்படி ஏறப்போகிறோம் என்பதை அதற்கும் முன்பே கேட்க வேண்டும்.

பெரிய குழுவாகப் போவது ஒரு வழி. வரிசையாக முகாம்கள் இருக்கும், சுமை தூக்க ஆட்கள் இருப்பார்கள், முன்னே போனவர்கள் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். ஆல்பைன் பாணி வேறு. இரண்டு மூன்று பேர் தம் சுமையைத் தாமே தூக்கி, பாதையைத் தாமே கண்டு, ஏறுவதா திரும்புவதா என்று தாமே முடிவெடுப்பார்கள்.

1929இல் அமெரிக்கரான மிரியம் ஓ'பிரையன், பிரெஞ்சுக்காரரான அலீஸ் டமெமுடன் ஆல்ப்ஸ் மலையின் கிரெப்பான் சிகரத்தில் ஆண் துணையின்றி ஏறினார். குழுவில் ஆண் இருந்தால் நெருக்கடியில் பொறுப்பு அவர் கைக்குப் போய்விடும், பின்னால் ஏறுபவள் தலைமை தாங்கக் கற்கவே மாட்டாள் என்பது மிரியமின் வாதம்.

அப்படியானால் உதவி பெறுவது இழுக்கா? இல்லை. 1975இல் எவரெஸ்ட் ஏறிய முதல் பெண்ணான ஜுன்கோ தாபேயுடன் ஆங் செரிங் என்ற ஷெர்பாவும் உச்சியில் நின்றார். 1984இல் பச்சேந்திரி பால் ஆண்களும் பெண்களும் சேர்ந்த பெரிய குழுவில் போனார். இவர்களின் சாதனை எவ்விதத்திலும் குறைந்ததல்ல. சுமை தூக்கியவரின் உழைப்பை மறைத்துவிட்டுத் தனியே சாதித்ததாகச் சொல்வதுதான் இழுக்கு.

தெரியாமல் துணிவதும் விடுதலை ஆகாது. கயிறு, பனிக்கோடரி, பனிப்பிளவு பற்றியெல்லாம் முதலில் கற்க வேண்டும். உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் இதைக் கற்பிக்கிறது. பச்சேந்திரி பயின்றதும் அங்கேதான்.

கற்ற பிறகு, உங்கள் முடிவுக்கு இடம் கொடுக்கும் சிறிய மலையாகத் தேர்ந்தெடுங்கள். எங்கே போவது, யாரோடு போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எல்லாவற்றையும் வீட்டில் வேறு யாரோ தீர்மானித்தே நாம் வளர்ந்தோம். மலையிலும் அது தொடர வேண்டியதில்லை. மேகம் திரண்டு பாதியில் இறங்க நேர்ந்தாலும், இறங்கலாம் என்று சொன்னது நீங்களாக இருக்கட்டும்.