காதில் கட்டிய குவிமாடம்

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவுக்குள் 2010-இல் சில பலூன்களை வெடித்தார்கள். விளையாட்டல்ல, ஆராய்ச்சி. அப்போது அது அருங்காட்சியகம். உள்ளே துதிப்பாடல் பாட அனுமதி கிடையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கலை வரலாற்றாளர் பிசேரா பெஞ்செவாவுக்குக் கிடைத்த வழி பலூன்தான். அந்த ஓசை பளிங்கிலும் குவிமாடத்திலும் மோதி அடங்கப் பத்து நொடிக்கும் மேலானது. அதைப் பதிவு செய்து, ஜொனாதன் ஏபெல் உள்ளிட்ட ஒலி வல்லுநர்கள் கட்டடத்தின் ஒலிக்குணத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். கப்பெல்லா ரொமானா பாடகர் குழு கலிஃபோர்னியாவில் நின்று பைசாந்தியத் துதிகளைப் பாட, கணினி அதை அந்தக் குவிமாடத்தின் கீழ் பாடியதுபோல் ஆக்கியது. 2019-இல் இசைத்தொகுப்பாகவும் வெளிவந்தது.

ஆக, கட்டடக்கலை வரலாற்றின் முதல் பாடத்துக்கு வரும் கல்லூரி மாணவர், பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் 537-இல் கட்டி முடித்த அந்த ஆலயத்தை ஹெட்போனில் கேட்கலாம். அருங்காட்சியக நாட்களில் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே நின்றவருக்கு இது வாய்க்கவில்லை. அவருக்குக் கல் கிடைத்தது, வழிபாடு இல்லை. இவருக்கு வழிபாட்டின் ஒலி கிடைக்கிறது, கல் இல்லை. இருவரில் யார் ஆலயத்துக்குள் போனார்?

ஸ்லைடு போட்டுப் பாடம் நடத்திய காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இரண்டு படங்களை அருகருகே திரையிட்டு ஒப்பிடும் முறையைக் கலை வரலாற்றாளர் ஹைன்ரிஷ் வொல்ஃப்லின் பரப்பினார். மாணவர்கள் பாணிகளைப் பிரித்தறியக் கற்றார்கள், ஆலயம் ஒரு முகப்பாகச் சுருங்கியது. கட்டடத்தை மனிதர்கள் பார்த்து மட்டுமல்ல, புழங்கியும் உள்வாங்குகிறார்கள் என்று சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930-களிலேயே எழுதியிருந்தார். வகுப்பறையில் புழங்குவது எப்படி?

வாசர் கல்லூரிப் பேராசிரியர் ஆண்ட்ரூ டாலன், பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தை லேசரால் அளந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் திரட்டினார். உள்ளே தூண்கள் நேர்வரிசையில் இல்லை என்பது அதில் தெரிந்தது. 2019 தீவிபத்துக்குப் பின் சீரமைப்புக்கும் அந்தப் பதிவு உதவியது. அதைப் பார்க்க டாலன் இல்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். கோணல்களையும் மறைக்காத இந்தக் கருவி, எந்தப் பாடநூல் வரைபடத்தையும்விட நேர்மையானது. ஆனால் புள்ளிகள் கல்லின் மேற்பரப்போடு நின்றுவிடும். அங்கே மண்டியிட்டவர்கள் எதற்காக மண்டியிட்டார்கள் என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது.

ஹாகியா சோபியாவில் சிக்கல் இன்னும் கூடுதல். 1453 முதல் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் அது பள்ளிவாசல். குர்ஆன் ஓதும் குரலும் அதே குவிமாடத்தில் சுழன்றிருக்கிறது. 1930-களில் அருங்காட்சியகமாகி, 2020-இல் மீண்டும் பள்ளிவாசலானது. தரையில் கம்பளம் விரித்தார்கள். கம்பளம் ஒலியை உறிஞ்சும். நெருக்கியடித்து நிற்கும் கூட்டமும் உறிஞ்சும். ஆகவே கணினியில் இருக்கும் எதிரொலி, பேரரசர் காலத்துத் திருவிழாக் கூட்டத்துடையதோ இன்றைய தொழுகையுடையதோ அல்ல. இரண்டு வழிபாடுகளும் ஓய்ந்திருந்த இடைக்காலத்து வெற்றுப் பளிங்கினுடையது.

ஆசிரியர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஒலிமாதிரியில் முதலில் துதிப்பாடலை ஓட்டலாம், அடுத்து குர்ஆன் ஓதுதலை. இரண்டிலும் மாறாமல் நிற்பது எது, அதைப் புனிதம் என்று சொல்லலாமா என்று மாணவர்களிடம் கேட்கலாம். ‘வெறும் எதிரொலிதான் சார்’ என்று ஒருவர் சொன்னால் அந்த வகுப்பு நிச்சயம் மணியடித்தும் முடியாது.