மருந்தை நிறுத்தியது யார்?

2024 மார்ச்சில் மத்திய காசநோய்ப் பிரிவு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மாத்திரைகள் வந்துசேரத் தாமதமாகும், மூன்று மாதத்துக்கு வேண்டியதை நீங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். முந்தைய ஆண்டிலோ, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட், சைக்ளோசெரின் ஆகியவற்றுக்கே தட்டுப்பாடு. ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று நோயாளிக்குப் பாடம் சொல்லும் அரசு, தானே தவறியது. இதை வெறும் நிர்வாகக் குறை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. இது அறப்பிழை.

மருந்தை நடுவில் விட்டவர்களால்தான் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகிறது என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. 2014 முதல் 2016 வரை இந்தியா நடத்திய தேசிய ஆய்வு சொல்வது என்ன? காசநோயாளிகளில் 6.19 விழுக்காட்டினருக்கு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துகள் இரண்டுமே பலிக்கவில்லை. ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களில் இது சுமார் 11.6, புதிதாக நோய் கண்டவர்களில் 2.84. இந்தக் கடைசிக் கூட்டத்தார் எந்த மாத்திரையையும் பாதியில் விட்டவர்கள் அல்லர். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியையே மூச்சில் வாங்கியவர்கள். அவர்களிடம் எந்த ஒழுக்கத்தைப் போதிப்பது?

சிகிச்சை பெற்றவர்கள் கதையும் வேறல்ல. மும்பை தாராவியில் 106 தனியார் மருத்துவர்களிடம் மருந்துச் சீட்டு எழுதச் சொல்லிப் பார்த்தார்கள்; சரியாக எழுதியவர்கள் ஆறே பேர். 2010இல் வெளியான ஆய்வு இது. தவறான சீட்டை நம்பி விழுங்கியவரையா குற்றவாளி என்பது?

வள்ளுவர் மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து தருபவர் என நான்காகப் பகுத்தார். நோயாளி அதில் ஒரு பங்குதான். நோயின் முதற்காரணத்தைத் தேடச் சொன்னவரும் அவரே. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பிழை தன்னுடையது என்று தெளிந்த கணமே உயிரை விட்டான். பொற்கொல்லனைக் கைகாட்டித் தப்பவில்லை. மணிமேகலை ஏந்திய அமுதசுரபி, பசித்தவரின் நடத்தையை விசாரித்துவிட்டுச் சோறிடவில்லை. காசநோய் பசித்த உடம்பை எளிதில் பற்றுகிறது. அந்த நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்றிருந்த ஊட்டச்சத்து உதவி 1,000 ஆக உயரவே 2024 நவம்பர் வரை ஆயிற்று.

நோயாளிக்கும் கடமை உண்டு, மறுப்பதற்கில்லை. மருந்தைத் தூர எறிந்துவிட்டு இருமிக்கொண்டே திரிபவர் அடுத்தவருக்குத் தீங்கு செய்கிறார். ஆனால் குமட்டலையும் கூலி இழப்பையும் சகித்து மாதக்கணக்கில் விழுங்குகிறவரிடம் கடமையை நினைவூட்டும் தகுதி, மருந்தைத் தடையின்றித் தருபவர்களுக்கே உண்டு.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு, பெடாக்குவிலின், பிரெட்டோமனிட் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024 செப்டம்பரில் அரசு ஒப்புதல் தந்தது. இவையும் இடையில் தீர்ந்துபோனால் கிருமி இவற்றையும் வெல்லும். ஆகவே கையிருப்பு தீருமுன் கொள்முதலை முடியுங்கள். மாத்திரை இல்லையென்று ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், சிகிச்சையைக் கைவிட்டவர் என்று அவரைப் பதிவேட்டில் எழுதாதீர்கள். மருந்து தரப்படவில்லை என்று எழுதுங்கள்.